ஐ.ஆர்.எட்டு வைத்துவிட்டுப் போன கடன்

தழைச்சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் மரபணு மாற்ற நெல் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். நெல்லுக்கு ஏன் இந்த ஊதாரித்தனம்? தேடிக்கொண்டே போனால் 1962-ல் போய் நிற்கிறது.

அந்த வருடம் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஜென்னிங்ஸ் வரிசையாகச் சில கலப்புகள் செய்கிறார். எட்டாவது கலப்பு: இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டா, தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென். கிடைத்தது 130 விதை. அதன் வாரிசுகளில் 288-வது வரிசையின் மூன்றாவது செடியைப் பிறகு ஹென்றி பீச்செல் தேர்ந்தெடுத்தார். அதுதான் நம்ம ஊர் வாயில் 'ஐ.ஆர்.எட்டு'.

குட்டை எதுக்கு? நெட்டை நெல்லுக்கு யூரியா போட்டால் இன்னும் உயரும், கதிர் கனக்கும், ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். படுத்த பயிர் தண்ணீரில் கிடந்து வீணாகும். அன்றைய விவசாயி உரத்துக்குத் தயங்கியதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது சரியான கணக்காத்தான் படுது.

குட்டை சாயாது. எஸ்.கே. டே தத்தா 120 கிலோ தழைச்சத்து போட்டுப் பார்த்தபோது ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் விளைந்தது. 1966-ல் ரகம் வெளியானது. நிலையத்துக்கே வந்து கேட்ட விவசாயிகளுக்கு ஆளுக்கு 2 கிலோ விதை இலவசம்.

ஏன் குட்டை என்பது 2002-ல்தான் தெரிந்தது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செய்யும் ஒரு ஜீன் பழுது. ஜிப்பரெல்லின் குறைந்தால், அது வழக்கமாக அழிக்கிற டெல்லா புரதம் அழியாமல் தங்கிவிடும். அதனால் தண்டு நீளாது. சிக்கல் என்னன்னா, அதே டெல்லா தழைச்சத்தை உறிஞ்சுவதையும் அடக்கி வைக்கிறது! எவ்வளவு பரிமாறினாலும் தாங்கும், ஆனா எடுத்துச் சாப்பிடச் சோம்பல்படும் பிள்ளை மாதிரி. தாராளமாக உரம் போட்ட வயலில் நட்டுத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சோம்பல் கண்ணில் படாது.

வயலில் போடும் தழைச்சத்தில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி நிலத்தடி நீரில் நைட்ரேட் ஆகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலியது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் பிறந்தன. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆலன் குட் குழு பார்லியின் ஒரு என்சைம் ஜீனை எடுத்து நெல்லில் வைத்தது, 2008-ல். இது அசல் மரபணு மாற்றம். மற்றது 2018-ல், சீன அறிவியல் கழகத்தின் ஃபூ ஷியாங்டோங் குழு கண்டது. குட்டை ரகங்களையே ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அதிகம் உறிஞ்சிய ரகத்தில் ஜி.ஆர்.எஃப்.4 என்ற ஜீனின் வேறொரு வடிவம் இருந்தது. டெல்லா அடக்குவதை இது தூக்கிவிடுகிறது. உறிஞ்சுதல் கூடியது, செடி குட்டையாகவே நின்றது.

நிரூபிக்க மரபணு மாற்றச் செடிகளும் வளர்த்தார்கள். ஆனால் அந்த வடிவம் நெல்லிலேயே இயற்கையாக இருக்கிறது. ஜென்னிங்ஸ் செய்ததைப் போன்ற சாதாரணக் கலப்பிலேயே அடுத்த ரகத்துக்குக் கொண்டுபோகலாம்.