மொனேயின் மூடுபனி

குளிர்காலத்தை வரைந்த ஓவியர்கள் ஐரோப்பாவிற் பலர். அவர்களுள் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்குத் தனியிடம் உண்டு. இளமையில், 1868-69 குளிர்காலத்தில், அவர் தீட்டிய ஓவியமொன்றிலே வெண்பனி மூடிய வேலியும், அதன் படலையில் அமர்ந்த ஒற்றைப் பறவையும் காணப்படும். பனியின்மேல் விழுந்த நிழலை அவர் கறுப்பாகத் தீட்டவில்லை, நீலமாகத் தீட்டினார். 1869இல் பாரிஸ் கண்காட்சியின் நடுவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். அது நாட்டுப்புறத்துப் பனி. முப்பதாண்டுகளின் பின் அவர் தேடிச் சென்ற பனியோ வேறு.

1899ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலும், 1900, 1901ஆம் ஆண்டுகளின் தொடக்க மாதங்களிலும் மொனே லண்டனிலே தங்கினார். தேம்ஸ் நதியை நோக்கிய சவோய் ஹோட்டலின் மேல்மாடி அவரது சித்திரக்கூடமாயிற்று. வலப்பக்கம் சாரிங்குறொஸ் பாலம். இடப்பக்கம் வாட்டர்லூ பாலமும் அதற்கப்பால் தென்கரை ஆலைகளின் புகைபோக்கிகளும். பிற்பகல்களில் எதிர்க்கரையிலுள்ள செயின்ற் தோமஸ் வைத்தியசாலைக்குச் சென்று, அங்கிருந்து பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்தார். புகையால் நெஞ்சு நொந்தோர் சிலராயினும் அவ்வைத்தியசாலைக் கூடங்களிற் கிடந்திருப்பர் எனக் கருதுவதில் தவறில்லை. ஏறத்தாழ 100 ஓவியங்கள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் 37 ஓவியங்கள் 1904இல் பாரிஸ் நகரிலே காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும்புகழ் எய்தின.

1900 மார்ச் மாதத்தில் அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதமொன்றை நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். காலையில் எழுந்தபோது மூடுபனி சிறிதுமின்றி இருக்கக் கண்டு திகிலடைந்ததாகவும், தம் ஓவியங்கள் யாவும் பாழாயின எனச் சோர்ந்ததாகவும், பின்னர் மெல்ல மெல்ல அடுப்புகள் மூட்டப்படவே புகையும் மங்கலும் மீண்டதாகவும் அதில் அவர் கூறுகிறார். தாம் வரைவது வெறும் இயற்கையன்று என்பது மொனேக்கு நன்கு தெரிந்திருந்தது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

அந்த மங்கல் முற்றாக எரியாத நிலக்கரியின் கழிவேயாகும். திறந்த கணப்பிலே இட்ட கரியின் வெப்பத்திற் பெரும்பகுதி அறைக்குப் பயன்படாது புகைபோக்கிவழியே வெளியேறிற்று; அதனோடு கரித்துகளும் கந்தகமும் வெளியேறின. காசு கொடுத்து வாங்கிய எரிபொருளை வானத்திற் கொட்டிவிட்டு, அதையே மக்கள் மறுபடி சுவாசித்தனர். ஆனால் எல்லோரும் ஒரே அளவாய்ச் சுவாசிக்கவில்லை. லண்டனிற் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். ஆகவே நகரத்தின் புகை தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியை நோக்கிச் சென்றது. சவோய் ஹோட்டலிலோ மின்விளக்கு எரிந்தது.

இப்புகையை எதிர்த்தவர்களுள்ளும் ஓர் ஓவியர் இருந்தார் என்பது பலர் அறியாதது. சேர் வில்லியம் பிளேக் றிச்மண்ட், பகலிலும் வெளிச்சமின்றித் தம் தொழில் கெடுவதைக் கண்டு சினந்து, 1898இல் நிலக்கரிப் புகை ஒழிப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரே நகரம், ஒரே குளிர்காலம். ஓர் ஓவியர் புகை வரவில்லையே என்று வருந்துகிறார், மற்றவர் புகை போகவில்லையே என்று போராடுகிறார். அச்சங்கத்தைச் சேர்ந்த வைத்தியர் டெ வோ என்பவரே 1905இல் புகையையும் பனியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒட்டிப் புதுச்சொல்லொன்றை வழக்கிற் புகுத்தினார். நாம் புகைப்பனி என்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. 1891ஆம் ஆண்டின் லண்டன் சுகாதாரச் சட்டம் 'கரும்புகை'யைத் தடைசெய்தது. ஆலை முதலாளிகளின் வழக்கறிஞர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது: எம் புகை கருமையன்று, கபிலநிறம் என வாதாடலாமன்றோ! வீட்டுக் கணப்புகளைச் சட்டம் தொடவேயில்லை.

மொனேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவர் கண் பொய் சொல்லவில்லை. 2023இல் விஞ்ஞானிகள் இருவர், டேர்னர், மொனே ஆகியோரின் ஏறத்தாழ 100 ஓவியங்களை ஆராய்ந்து, அவற்றில் விளிம்புகள் மங்கிச்செல்லும் போக்கு அக்காலத்துக் கந்தகவீரொட்சைட்டுப் பெருக்கத்தோடு பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டினர். ஓவியர் கண்டதைக் கண்டபடியே பதிந்தார். அதனை அழகென்று மட்டும் கண்டு, அதனடியில் இருமிக்கொண்டிருந்த மனிதரைக் காணாது விட்டவர்கள் அவரது இரசிகர்கள். அவர்களுள் நாமும் அடங்குவோம்.

1952 டிசம்பர் 5ஆம் திகதி லண்டனைக் கவிந்த புகைப்பனி ஐந்து நாள் நீங்கவில்லை. உயர்தரக் கரியை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி தேடிய அரசு, மட்டமான தூள்கரியைச் சொந்த மக்களின் அடுப்புக்கு விட்டிருந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனரென முதலிற் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. அடுத்த மாதங்களிலும் தொடர்ந்த மரணங்களுக்கு இன்புளுவென்சாவே காரணமென அதிகாரிகள் சாதித்தனர். நான்காண்டுகள் கழித்து, 1956இல், தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக் கணப்பின் புகையும் அப்போதுதான் சட்டத்துக்கு உட்பட்டது. றிச்மண்ட் மறைந்து அன்றைக்கு 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.