சவுரி: ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு

சவுரி என்ற சொல்லுக்குள் ஓர் இமயமலை விலங்கு இருக்கிறது. வடமொழியில் சமரி, தமிழில் கவரி, சவரி. அதன் வால்மயிர் கோயிலிலும் அரண்மனையிலும் சாமரமாக வீசியது. பிறகு கூந்தலோடு சேர்த்துப் பின்னும் பொய்முடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ‘ஹேர் எக்ஸ்டென்ஷன்’ என்று கடையில் கேட்டு வாங்குவதன் பழைய தமிழ்ப்பெயர் இதுதான்.

இரண்டு தலைமுறைக்கு முன்பு சவுரிக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. தலை வாரும்போது சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். “கொட்டுனதைக் குப்பையில போடாதடி, எடுத்து வை” என்பது பாட்டிமார் பேச்சு. போதுமான அளவு சேர்ந்ததும் சவுரி கட்டித் தருபவரிடம் போகும். தன் முடியே தனக்குத் திரும்பி வரும். நிறம் சேருமா, அடர்த்தி சேருமா என்ற கவலையே இல்லை.

ஆனால் உலக வரலாற்றில் பொய்முடி பெரும்பாலும் அடுத்தவர் முடிதான். எகிப்தின் ஹைராகோன்போலிஸில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லறை ஒன்றில், ஒட்டுமுடி சேர்த்த பெண் தலை கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் பிரிட்டனி பகுதிச் சந்தைகளில் ஏழைக் குடியானவப் பெண்கள் வரிசையில் நின்று கூந்தலை விற்றார்கள். அங்கே எப்போதும் தலையை மூடும் குல்லாய் வழக்கம் உண்டு என்பதால் வெட்டியது வெளியே தெரியாது. விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிஸராப்ல’ நாவலின் ஃபான்டீன் முடியை விற்பது வெறும் கற்பனை அல்ல, அன்றைய சந்தை நிலவரம்.

1960-களில் மேற்கில் விக் மோகம் உச்சத்தில் இருந்தது. சீன முடி அதிகம் புழங்கிய நேரத்தில், கம்யூனிஸ்ட் நாட்டுப் பொருளுக்கு இடமில்லை என்று அமெரிக்கா அதற்குத் தடை போட்டது. பனிப்போர் தலைமுடிவரை வந்துவிட்டது. அந்த இடைவெளியில் தென்கொரியா விக் ஏற்றுமதியில் எழுந்தது. இந்திய முடிக்கும் கிராக்கி கூடியது.

இந்தியாவில் முடிக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று கோயில். திருப்பதி கல்யாணக்கட்டாவிலும் பழனியிலும் மொட்டை போட்டுக்கொள்பவர் முடியைக் காணிக்கையாகத் தருகிறார். அது ஏலத்தில் போய்க் கோயிலுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வருமானம் தருகிறது. கொடுத்தவர் காசு வாங்குவதில்லை. முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். இரண்டடி நீளக் கூந்தல் என்றால் குறைந்தது நான்கு வருஷ வளர்ச்சி, அதாவது நான்கு வருஷ நேர்த்திக்கடன்.

விலைக்குக் காரணம் இங்கே இருக்கிறது. முடியின் மேல் மீன்செதில் போல நுண்ணிய அடுக்கு உண்டு, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். மொட்டை முடியை வேர் ஒருபக்கம், நுனி ஒருபக்கம் என்று அப்படியே கட்டிவிடலாம். சிக்காது, நீண்ட நாள் உழைக்கும். இதைத்தான் ‘ரெமி’ என்கிறார்கள்.

இரண்டாவது ஊற்று சீப்பில் உதிர்ந்த முடி. தெருவில் “முடி இருக்கா, பாத்திரம் வாங்கிக்கோங்க” என்று வருபவர்கள் சேர்ப்பது. இதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். கர்நாடகத்தின் கொப்பள் அருகே பாக்யநகர் போன்ற இடங்களில் பெண்கள் உட்கார்ந்து சிக்கெடுத்து நீளவாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு சில ஆலைகளில் அமிலத்தில் செதிலைக் கரைத்து, சிலிக்கோன் பூசி மினுக்குவார்கள். புதிதில் பளபளக்கும். சில முறை அலசினால் பூச்சு போய்ப் பஞ்சாகும்.

2004 மே மாதம் இந்தக் கோயில் முடி இன்னொரு மதத்தின் வாசலில் மாட்டியது. மணமான வைதிக யூதப் பெண்கள் சொந்த முடியை மறைக்க விக் அணிவார்கள். இந்தியக் கோயிலில் மழித்த முடி சிலை வழிபாட்டுக் காணிக்கை, ஆகவே விலக்கப்பட்டது என்று ஜெருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். புரூக்ளின் தெருக்களில் விலையுயர்ந்த விக்குகள் எரிந்தன. திருப்பதியில் தலை மழித்த ஒரு பெண்ணின் பிரார்த்தனை, அவள் அறியாமலேயே நியூயார்க்கில் நெருப்பில் விழுந்தது.

2020 ஜூலையில் சீனாவின் ஷின்ஜியாங்கிலிருந்து வந்த 13 டன் முடிப்பொருளைக் கட்டாய உழைப்பின் சந்தேகத்தில் அமெரிக்கச் சுங்கத் துறை பிடித்து வைத்தது. 2022 ஜனவரியில், கச்சா முடி கள்ளத்தனமாக வெளியே போவதைத் தடுக்க, இந்திய அரசு அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது.

கடையில் ஒரு கற்றையை எடுக்கும்போது நாம் நிறம், நீளம், எடை பார்க்கிறோம். நுனியிலிருந்து வேர்வரை விரலை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள்; சொரசொரத்தால் செதில் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு “இது எங்கிருந்து வந்த முடி?” என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கடைக்காரருக்கே தெரியாது. தன் டப்பாவில் சேர்த்து சவுரி கட்டிக்கொண்ட பாட்டிக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நமக்கு எழ வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த முடியை வளர்த்தவளின் கையில் நாம் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.