கணிக்கும் யந்திரங்களின் கதை: தோலை அளந்த சக்கரங்கள்

காகிதத்தில் வரைந்த உருவத்தின் எல்லைக்கோட்டைச் சுற்றி வந்த மாத்திரத்தில் அதன் பரப்பைச் சொல்லிவிடும் ஆம்ஸ்லரின் கருவியை, 1854-இல் தோன்றிய அந்த விந்தையை, சென்ற இதழில் கண்டோம். அதற்கு நெருங்கிய உறவுள்ள யந்திரமொன்று நம் பாலாற்றங்கரையிலேயே, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில், முகப்புத் தட்டில் ஒரேயொரு முள்ளை வைத்துக்கொண்டு நெடுங்காலம் கணிதம் செய்து வந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்டு லண்டன் ஏலத்துக்கு அனுப்பிய பழைய தோலுக்கு எடையைக் கொண்டே விலை, தராசு போதும். பூட்ஸின் மேற்பகுதிக்கு ஆகும் குரோம் தோலுக்கோ பரப்பைக் கொண்டே விலை. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் யோசனையை ஒட்டி, பச்சைத் தோலும் அரைப் பதத் தோலும் கப்பலேறுவதை 1970-களில் அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலுக்கு ஊக்கமளித்தபோது, சதுர அடியே இப்பிரதேசத்து வர்த்தகத்தின் ஜீவநாடியாயிற்று. கழுத்து, கால், அடிவயிறு என்று எப்பக்கமும் வளைந்து நெளியும் ஆட்டுத்தோலிடம் நீள அகலத்தைப் பெருக்கும் பள்ளிக்கூடக் கணக்கு செல்லுமா?

அதற்கு விடையாக வந்த ‘பின் வீல்’ (pin wheel, முளைச் சக்கர) யந்திரத்தில், உருளையொன்றின் மேல் மெல்லிய சக்கரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் தளர்வாகச் செருகிய முளைகள். தோலின் கனத்தால் உள்ளே தள்ளப்பட்ட முளை பற்சக்கரத்தை நகர்த்தும்; தோலில்லாத இடத்து முளை எதையும் அசைக்காது. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் தன்கீழ் ஓடிய தோல்பட்டையின் நீளத்தை நகர்ச்சியாகச் சேர்த்து வைக்கிறது.

பட்டைகளின் அகலம் ஒன்றேயாதலால், நீளங்களைக் கூட்டினாலே பரப்பு தெரிந்துவிடும்; அப்படிக் கூட்டுவதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. ஒரு கோலின் இரு முனைகளையும் இரு சக்கரங்கள் இழுக்குமானால், அதன் நடுப்புள்ளி அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் பாதி நகரும். அத்தகைய இரு நடுப்புள்ளிகளை மூன்றாவது கோலின் முனைகளில் பூட்டினால், நான்கு சக்கரங்களின் தொகையில் கால் பங்கு கிடைக்கும். சக்கரங்கள் 32 ஆயின், ஐந்து அடுக்குகளில் அனைத்தும் ஒரே கம்பியில் வந்து முடியும். 1/32 பங்காகச் சுருங்கிய அந்த நகர்ச்சிக்கு ஏற்றபடி தட்டைப் பிரித்துவிட்டால், முள் சதுர அடியைச் சொல்லிவிடுகிறது. முளைகளால் எண்ணுவது பாதி, கோல்களால் அளப்பது பாதி என்பதால் இதைத் தூய அனலாக் யந்திரமென்று பண்டிதர்கள் ஒப்பமாட்டார்கள். எனக்கோ அந்தக் கலப்பே பிடித்திருக்கிறது.

ஈரத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திய தோல் சற்று அதிகமாகவே அளவு காட்டும். அதனால் எழும் கால் சதுர அடித் தகராறுகளுக்கு யந்திரம் பொறுப்பாளியன்று. இன்று அவ்விடத்தில், தோல் மறைக்கும் ஒளிப்புள்ளிகளை எண்ணும் மின்னணு யந்திரங்கள் வந்துவிட்டன; பரப்பைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துக் கூட்டும் உபாயம் மட்டும் மாறவில்லை.

கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா 1953-இல் ஆக்கிய, பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளை விடுவிக்கும் மின் யந்திரத்தை அடுத்த வாரம் காண்போம்.