பன்னிரண்டு வோல்ட்டில் எவ்வளவு சத்தம் வரும்?

காரில் பாட்டுச் சத்தம் போதவில்லை என்று கடையில் சொல்லிப் பாருங்கள். முதலில் காட்டுவது ஆம்ப்ளிஃபையரைத்தான். சத்தத்துக்கும் காசுக்கும் நடக்கும் இந்த இழுபறி தொண்ணூறு வருடத்துக்கும் மேலாக நடந்து வருகிறது. (நான் படித்தது பி.காம். ஆனால் வட்டிக் கணக்கு தெரிந்தவனுக்கு டெசிபல் கணக்கு பெரிய விஷயமில்லை.)

1930-ல் சிகாகோவின் பால் கால்வின் காருக்கென்று ஒரு ரேடியோ செய்து அதற்கு மோட்டரோலா என்று பேர் வைத்தார். அன்றைய காரில் பாட்டரி 6 வோல்ட். வால்வுகளுக்கோ அதைப்போலப் பல மடங்கு வோல்ட் வேண்டும். அதற்காகக் காரில் தனி பாட்டரிகளையும் சுமக்க வேண்டியிருந்தது. விலை 110 முதல் 130 டாலர் வரை. ஃபோர்டு காரே 540 டாலருக்குக் கிடைத்த காலம் அது! அந்த வருடம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே ஸ்டால் போட கால்வினிடம் பணம் இல்லை. வாசலில் காரை நிறுத்தி வால்யூமைக் கூட்டி வைத்தார். ஆர்டர் வந்தது. பட்ஜெட்டில் சத்தம் போட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் மூதாதை என்பேன்.

நம் ஊர்களில் இதே வேலையைச் செய்தது கூம்பு ஸ்பீக்கர். 1915-ல் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் ஒலிபெருக்கியோடு ஒரு குழாயைச் சேர்த்து சான்ஃபிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்குக் கேட்க வைத்தார்கள். அதன் வாரிசுகளை இன்றும் நஞ்சன்கூட்டில், பங்குனியில் ஐந்து தேர் ஓடும் ஸ்ரீகண்டேஸ்வரர் ஜாத்திரையின்போது நான் கேட்கிறேன். ஆட்டோ மேல் ஒரு கூம்பு, உள்ளே ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். தெருமுனை வரை அறிவிப்பு கேட்கும்.

எப்படி? நல்ல கூம்பு ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், சுமார் 105 டெசிபல் தரும். சாதாரண கார் ஸ்பீக்கர் 90 தந்தால் அதிகம். வித்தியாசம் 15 டெசிபல், அதாவது 30 மடங்கு வாட். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 20 வாட் செட்டுக்கு அது 200 வாட். தடித்த வயர், ஃப்யூஸ், பாட்டரிக்குச் சுமை எல்லாம் கூடவே வரும்.

பெட்டியில் 50 வாட் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சாதாரண முறையில் ஆறு வாட்தான் எடுக்க முடியும். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளும் 'பிரிட்ஜ்' முறையில் இருபது வாட் பக்கம் போகலாம். டி.டி.ஏ 2005 மாதிரி சில்லுகள் இதற்கென்றே வந்தவை. ரிச்சி தெருவில் அசெம்பிள் செட் வாங்கியவர்கள் இந்த எண்ணை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மேல் அச்சடித்திருப்பது உச்ச அளவு. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000' என்று ஒட்டியிருந்ததே, அது ஆடிட் ஆகாத பேலன்ஸ் ஷீட். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் ஆடிட் ஆனது.

இந்தக் கணக்கில் நான் இறங்கியது அப்பாவால். சாம்ராஜ்நகர், திம்பம் வழியாக ஊருக்குப் போகும்போதெல்லாம் பின் சீட்டில் இருந்து "பாட்டு கேக்கலைடா" என்பார். வயது எண்பதை நெருங்குகிறது. கடையில் சப்-வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்து 18,000 சொன்னார்கள். ஆனால் வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஸ்வரங்கள். பாட்டில் வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகள் அதில்தான் இருக்கின்றன. 'தம் தம்' என்ற பேஸைக் கூட்டினால் அவருக்கு வார்த்தை இன்னும் மறையும்.

ஆகவே ஆம்ப்ளிஃபையர் வேண்டாம் என்று விட்டேன். 88 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி, 92 டெசிபலில் ட்வீட்டரோடு ஒரு ஜோடி, பின் கதவில். அந்த 4 டெசிபல், வாட்டை இரண்டரை மடங்காக்கியதற்குச் சமம். கதவின் ஓட்டைகளைத் தார் ஷீட்டால் அடைத்தார் மெக்கானிக். முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வருவது அடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஸ்பீக்கரை மண்பானையில் வைப்போமே, அதே தத்துவம். ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டு, எல்லாக் கோனும் ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்றும் பார்த்தோம். ஒன்று தலைகீழாக இருந்தது! மாற்றியதும் அடி ஒலி கூடிற்று. காசு செலவில்லை.

மொத்தம் 3,400 ரூபாய். அப்பா இப்போது "கொஞ்சம் குறைடா" என்கிறார். குறைக்கத்தான் வேண்டும்: தொழிற்கூடங்களுக்குச் சொல்லும் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். எங்கள் ஊருக்கு ஆறு மணி நேரப் பயணம்.