பெட்டிக்குள் தமிழ் எழுத்து: பெரார்கஞ்ச் வரை ஒரு நீண்ட பயணம்

வெளிநாட்டில் ஒரு கேபிள் கம்பெனி ஹெட்எண்டில் குப்பை கொட்டுபவன் என்பதால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான்தான் டிவி மெக்கானிக். பெரார்கஞ்சில் இருக்கும் அத்தையின் கேள்விதான் கொஞ்சம் வில்லங்கமானது: "தமிழ் சேனல் வருது, நிகழ்ச்சிப் பேரு மட்டும் ஏன்டா இங்கிலீஷ்ல வருது?" பதில் சொல்ல முப்பது வருட வரலாறு வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

அனலாக் கேபிளில் வழிகாட்டி என்று ஒன்றே கிடையாது. படமும் ஒலியும்தான் வரும். என்ன படம் என்று பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். 1993-ல் ஐரோப்பாவில் டிவிபி அமைப்பு உருவானது. நிகழ்ச்சித் தகவலை அனுப்பும் முறை 1995-ல் தரமாக வெளிவந்தது. நம்மூர் டிஜிட்டல் கேபிளும் அந்தத் தரத்தில்தான் ஓடுகிறது.

விஷயம் எளிது. படம், ஒலி எல்லாம் 188 பைட் பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 17-ல் சேனல் பெயர்கள், 18-ல் இப்போது என்ன, அடுத்து என்ன என்ற பட்டியல், 20-ல் நேரம். ஆனால் கேபிள்காரர் செயற்கைக்கோளிலிருந்து சேனல்களை இறக்கி, வேறு மாதிரி மூட்டை கட்டி, புது எண் போடுகிறார். பழைய பட்டியலை அப்படியே விட்டால் எண் பொருந்தாது. வழிகாட்டி காலியாக நிற்கும். அதனால் தனி சர்வர் வைத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரித்துச் செருக வேண்டும். நேரமும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டச் சொல்லாவிட்டால் இரவு 8 மணி சீரியல் மதியம் 2.30 என்று காட்டும்!

இனி எழுத்து. அந்தத் தரம் முதலில் நம்பியது ஐஎஸ்ஓ 8859 எழுத்துத் தொகுதிகளை. அதில் கிரேக்கம், அரபு, ஹீப்ரு, பிறகு தாய் மொழிகூட உண்டு. இந்திய எழுத்து ஒன்றுமில்லை. தேவநாகரிக்கு யோசித்த 12-ஆம் பகுதியும் கைவிடப்பட்டது. 1991-லேயே யூனிகோடில் தமிழ் இருந்தது. டிவிபியும் பின்னாளில் வழி திறந்தது: பெயரின் முதல் பைட் 21 என்றால் அடுத்து வருவது யுடிஎஃப்-8. திஸ்கியா, டாபா என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அதே கதைதான். தரம் அனுமதித்தாலும் பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழ வேண்டும். யாராவது உட்கார்ந்து தமிழில் தட்டச்சும் செய்ய வேண்டும்.

இந்தியாவில் சென்னைதான் முன்னோடி. 2003 செப்டம்பர் 1-ல் அங்கே செட் டாப் பாக்ஸ் முறை தொடங்கியது. 2011 சட்டத் திருத்தம் நாடு முழுக்க டிஜிட்டலைக் கட்டாயமாக்கியது. கிராமங்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அதே மார்ச்சில் டிராய் ஒரு விதி போட்டது: வழிகாட்டியில் ஒரே வகைச் சேனல்களும், அதற்குள் ஒரே மொழிச் சேனல்களும் அடுத்தடுத்து வர வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வரிசையைப் பற்றியது, எழுத்தைப் பற்றியது அல்ல.

பிரிட்டிஷ் தலைமை ஆணையர் பெரார் பெயரைத் தாங்கிய இந்த ஊர் தெற்கு அந்தமானில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. சென்னையில் தட்டச்சு செய்த பட்டியல் தீவுக்கு நொடியில் போக இன்று வழி இருக்கிறது.

ஆக, தடை கடலும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் மாதாமாதம் இங்கிலீஷ்காரர் கட்டும் அதே சந்தாவைத்தான் கட்டுகிறார்கள். ஊருக்குப் போன் செய்யும்போது கேபிள்காரரிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா? பட்டியல் தமிழில் வாங்குகிறீர்களா? நாலு வீடு கேட்டால் போதும், அவர் மேலே கேட்பார்.