வதைப்பதிலிருந்து வழிகாட்டுவதற்கு: கிரிப்டிக் குறுக்கெழுத்தில் குறிப்பு மாறிய வரலாறு

லண்டனிலிருந்து வெளிவரும் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் கடினமான குறுக்கெழுத்துப் புதிரை அடுத்தடுத்து அமைத்த மூவர், தங்கள் புனைபெயர்களை ஒரே இடத்திலிருந்து எடுத்தார்கள். டார்க்கமாடா, சிமெனிஸ், டெசா ஆகிய மூவரும் ஸ்பெயின் நாட்டு மத விசாரணை மன்றத்தின் தலைவர்கள். சிக்கியவரை வதைத்து உண்மையைக் கறந்த மன்றம் அது. மூன்றாம் புதிராளர் மட்டும் டெசா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஆஸெட்' ஆனார். வாசகரை வாட்டி எடுப்பதே புதிராளரின் வேலை என்ற நினைப்பு இப்பெயர்களில் வெளிப்படையாகவே தெரிகிறது. அந்த நினைப்பு ஒரு நூற்றாண்டில் எப்படித் தளர்ந்தது, புதிதாக வருபவருக்கென்றே புதிர்கள் எப்படித் தோன்றின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கநிலைப் புதிர் என்பது கடினப் புதிரை நீர்த்துப்போகச் செய்ததால் வந்ததன்று, அதைக் கறாராக்கியதால் வந்தது என்பதே இதன் வாதம்.

அமெரிக்கக் கட்டமும் ஆங்கிலேயக் குறும்பும்

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். லிவர்பூலில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். குறிப்புகள் அகராதிப் பொருளைத் தந்தன, வாசகர் சொல்லைத் தந்தார். அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. 1924-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் பென்சிலும் சேர்த்துக் கொடுத்த முதல் குறுக்கெழுத்து நூல் அந்நாட்டையே பித்துப்பிடிக்க வைத்தது. அதே ஆண்டு இறுதியில் லண்டன் 'டைம்ஸ்' இதழ், அமெரிக்கா இந்த விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டது என்று ஏளனம் செய்தது. 'டெய்லி டெலிகிராஃப்' 1925 ஜூலையில் புதிரைத் தொடங்கியது. ஏளனம் செய்த 'டைம்ஸ்' இதழே 1930 பிப்ரவரி 1-இல் பணிந்து வந்தது. அதற்கு முதல் புதிரை அமைத்த ஏட்ரியன் பெல் அதுவரை ஒரு குறுக்கெழுத்தைக்கூட விடுவித்தவரல்லர்!

இங்கிலாந்துக்கு வந்ததும் குறிப்பின் இயல்பு மாறியது. வெறும் பொருள் கேட்பது படித்தவர்களுக்குச் சப்பென்று இருந்தது. மேற்கோள்கள், சிலேடைகள், எழுத்துக் குலைப்புகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. இப்படி விடையைச் சொல்விளையாட்டில் ஒளித்துவைக்கும் புதிரே கிரிப்டிக். அந்தக் குறும்பை முழுநேரக் கலையாக்கியவர் எட்வர்ட் போவிஸ் மாத்தர்ஸ். டார்க்கமாடா என்பது இவர்தான். 1926 முதல் 1939-இல் இறக்கும்வரை 'அப்சர்வர்' இதழுக்குப் புதிர் அமைத்தார். கவிஞர், கீழைத்தேய இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். காஷ்மீரக் கவி பில்ஹணனின் பெயரில் வழங்கும் வடமொழிக் காதல் கவிதைகளை இவர் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். அதே பில்ஹணன் கதையிலிருந்துதான் பாரதிதாசன் 'புரட்சிக்கவி'யை உருவாக்கினார் என்பது தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தி.

டார்க்கமாடாவின் குறிப்பில் எது பொருள், எது சொல்விளையாட்டு என்று பிரித்துக் காட்டும் கட்டாயம் இல்லை. இலக்கியமும் புராணமும் கரைத்துக் குடித்தவர்கள் டார்க்கமாடாவின் மனம் போகும் திசையை ஊகித்துப் பிடித்தார்கள். மற்றவர்கள் தோற்றார்கள். தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்பதும் பல நேரம் புரியவில்லை. கற்றுக்கொடுக்க முடியாத கலையாகப் புதிர் இருந்த காலம் இது.

நேர்மை என்னும் விதி

மாற்றத்தின் முதல் குரல் ஏ. எஃப். ரிட்ச்சி என்ற பாதிரியாருடையது. பள்ளித் தலைமையாசிரியரான இவரின் புனைபெயர் 'அஃப்ரிட்'. புதிராளர் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசுவதுபோல் நடிக்கலாம், ஆனால் அவர் எழுதிய சொற்கள் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வேண்டும் என்று 1949-இல் வெளியான நூலில் வலியுறுத்தினார். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. என் கணிப்பில் கிரிப்டிக் வரலாற்றின் திருப்புமுனை இதுதான்.

இதை இலக்கணமாக்கியவர் சிமெனிஸ் என்ற டெரிக் மக்நட். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த பள்ளி ஆசிரியர். டார்க்கமாடாவுக்குப் பின் 1939-இல் பொறுப்பேற்ற இவர் 1966-இல் தன் விதிகளை நூலாக்கினார். 1972-இல் தொடர்ந்த ஆஸெட் அவற்றைச் சுருக்கிச் சொன்னபடி, ஒரு குறிப்பில் இருக்க வேண்டியவை துல்லியமான பொருளும், நேர்மையான சொல்விளையாட்டும் மட்டுமே. மூன்றாவதாக எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பொருள் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் நிற்கும். எழுத்துகளைக் கலைக்கவோ திருப்பவோ வேண்டுமென்றால் அதைச் சொல்லும் சைகைச் சொல் கட்டாயம் இருக்கும்.

இதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். இங்கு வருபவை இக்கட்டுரைக்காக அமைத்த குறிப்புகள். அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துகளைக் குறிக்கும்.

தவம் குலைந்தால் கொலை (3).

முனிவர் கதை எதையாவது நினைத்தால் வழுக்கி விழுவோம். கதையை மறந்து சொற்களை மட்டும் பார்க்க வேண்டும். முடிவிலுள்ள 'கொலை'யே பொருள். 'குலைந்தால்' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. த, வ, ம் கலைந்தால் வதம். மூன்று சொற்களும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன, மிச்சமில்லை.

விலகு திரையே, உள்ளே பந்தயத்தில் ஓடுவது (3).

மேடை நாடகம்போல் ஒலிக்கிறது. 'உள்ளே' என்பது சைகை. முதல் இரு சொற்களையும் இடைவெளி இல்லாமல் எழுதினால் விலகுதிரையே. அதற்குள் குதிரை நிற்கிறது. புதியவர் முதலில் தேட வேண்டிய வகை இதுதான், ஏனென்றால் விடை கண்ணெதிரே அச்சாகியிருக்கிறது.

தொடு, திரும்பினால் மதுரை நதி (2).

தொடு என்பதற்குக் கை வை. அதைத் திருப்பினால் வைகை. விடை இரு வழியாகவும் உறுதிப்படுகிறது. பொருளிலிருந்து வந்தாலும் வைகை, விளையாட்டிலிருந்து வந்தாலும் வைகை. இந்த இரட்டைச் சரிபார்ப்பைத்தான் சிமெனிஸ் வாசகரின் உரிமையாக்கினார். சாதாரணக் குறுக்கெழுத்தில் 'நதி (2)' என்று கேட்டால் வைகையா, நைலா என்று தயங்கிக்கொண்டு இருக்க வேண்டும். கிரிப்டிக்கில் சரியான விடை கிடைத்ததும் ஐயம் தீர்ந்துவிடும். அவ்வகையில் கடினமெனப்படும் கிரிப்டிக்தான் எளியவருக்கு அதிகம் உதவுகிறது.

விதியின் கறார் எவ்வளவு என்பதற்கு இன்னொன்று. 'மகுடம் தலை இழந்தால் தண்ணீர் பிடிக்கலாம் (3)' என்று எழுதினால் விடை குடம் என்று பலரும் கண்டுபிடிப்பார்கள். சிமெனிஸ் அதைத் தள்ளியிருப்பார். குடம் பெயர்ச்சொல், 'தண்ணீர் பிடிக்கலாம்' வினை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. 'மகுடம் தலை இழந்து தண்ணீர்ப் பாத்திரமாகும்' என்று திருத்தினால்தான் ஏற்பார்.

தண்டி அறிந்த வித்தைகள்

மேலே கண்டவை தமிழுக்குப் புதியவையல்ல. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளை அடுக்கும்போது, எழுத்தை ஒவ்வொன்றாகக் கழித்து வேறு வேறு சொல் பெறும் அக்கரச்சுதகத்தைச் சொல்கிறது. மகுடம் குடமாவது அதுதான். திருப்பி வாசித்தாலும் மாறாத மாலைமாற்றைத் திருஞானசம்பந்தர் முழுப் பதிகமாகவே பாடினார். காளமேகத்தின் சிலேடையை எடுத்துச் சொல்லவே தேவையில்லை. 'கழுத்தில் விழும் அந்திப் பொழுது (2)' என்று கேட்டு மாலையை விடையாக எதிர்பார்ப்பது அவர் வழியில் ஒரு சிறு கூழாங்கல். எல்லாவற்றிலும் நெருக்கமானது வினாவுத்தரம். சில வினாக்கள், அவற்றின் விடைகளைக் கோத்தால் ஒரு சொல். இன்றைய புதிராளர் சொல்லைத் துண்டாக்கிக் கேட்கும் குறிப்பும் இதே கட்டுமானம்தான்.

ஆனாலும் இரண்டையும் ஒன்றெனச் சொல்லிப் பெருமை கொள்வது ஆய்வாகாது. சித்திரகவியின் முதல் நோக்கம் புலவரின் ஆற்றலைக் காட்டுவது. உரைகாரர் பிரித்துக் காட்டியபின் நாம் வியக்கிறோம். சிமெனிசின் குறிப்போ, உரைகாரர் இல்லாமல் வாசகர் தனியே வெல்லும்படி அமைக்கப்பட்டது.

தமிழில் குறிப்பு எழுதுவதற்குத் தனிச் சிக்கலும் உண்டு. 'ஆபரணம், ருசி: சிரிக்க வைப்பது (5)' என்றால் நகையும் சுவையும் சேர்ந்து நகைச்சுவை. இடையில் வந்த 'ச்' யார் கொடுத்தது? சந்தி கொடுத்தது. ஆங்கிலப் புதிராளருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் சந்தியைக் குறிப்பு சொல்லாமலே வாசகர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி வகுப்பதே நியாயம் என்பேன். மறைவுக் குறிப்பில் மட்டும் வல்லினம் மிகும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். மிகுந்துவிட்டால் மறைந்திருக்கும் சொல் உடைந்துபோகும்.

எளிமை வந்த வழி

1942-இல் 'டெலிகிராஃப்' நடத்திய பன்னிரண்டு நிமிடப் போட்டியில் கலந்துகொண்ட சிலர் பிளெட்ச்லி பார்க் சங்கேத முறிப்புப் பணிக்கு அழைக்கப்பட்டதும், 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பின் ரகசியப் பெயர்கள் அதே இதழின் கட்டங்களில் தோன்றியதும் அடிக்கடி சொல்லப்படுபவை. அவை புதிருக்குப் புகழ் சேர்த்தன. குறிப்பின் வடிவத்தில் அவற்றால் எந்த மாற்றமும் இல்லை.

சிமெனிசின் கறாருக்கு மறுப்பும் எழுந்தது. 'கார்டியன்' இதழில் 1958 முதல் எழுதிய அரௌகேரியா என்ற ஜான் கிரஹாம் விதிகளைத் தாராளமாகவே மீறினார். 2013-இல் தனக்குப் புற்றுநோய் வந்த செய்தியையே ஒரு புதிரில் வைத்து வாசகருக்குச் சொன்னவர் அவர். அவரது சுதந்திரம் ருசிக்கத்தக்கது. ஆயினும் புதியவருக்குப் பாடம் சொல்ல உதவியது சிமெனிஸ்தான். விதி இருந்தால்தான் வகுப்பு எடுக்க முடியும். 'டைம்ஸ்' 2014-இல் 13-க்கு 13 கட்டத்தில் குறும் கிரிப்டிக்கைத் தொடங்கியது. 'கார்டியன்' 2024-இல் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு புதிரிலும் சில வகைக் குறிப்புகளை மட்டுமே வைத்து, அவை எவை என்று முதலிலேயே அறிவித்துவிட்டது.

சென்னைக்கு இக்கலை ஆங்கில வழியாக வந்தது. 'தி இந்து' 1971-இல் தொடங்கிய கிரிப்டிக் புதிரை முதலில் அமைத்தவர் செங்கல்பட்டில் பிறந்த அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் இவர். 1983-இல் காலமாகும்வரை புதிரையும் விடவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிய தமிழர்களில் சிலர் தமிழிலும் இதைச் செய்ய முனைந்தனர். அமெரிக்காவிலிருந்து வெளிவந்த 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

தமிழ் நாளிதழ்களில் அச்சாகும் குறுக்கெழுத்து பெரும்பாலும் ஆர்தர் வின் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அகராதிப் பொருள் கேட்டு, மறுநாள் விடையை மட்டும் தருகிறது. வாரம் ஒரு சிறு கிரிப்டிக் கட்டத்தை வெளியிட்டு, அடுத்த வாரம் விடையோடு அது எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வரியில் அச்சிட இதழாசிரியர்கள் முன்வர வேண்டும்.