எழுத்தைச் சிறிதாக்குதல்

சென்ற மாரிகாலத்தில் நண்பனின் தாயார் ஊரில் காலமானார். அவனால் போகமுடியவில்லை. 31ஆம் நாள் கல்வெட்டின் அட்டையைச் செய்யும் வேலையை நான் பொறுப்பெடுத்தேன். றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவி முடித்து வந்து, நடுச்சாமத்தில் கணனியில் அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதி, எழுத்துகளைச் சுற்றி இரண்டு பொயின்ற் தடிப்பில் கறுப்புக் கோடு போட்டேன். அழகாகவே இருந்தது. அகலமும் உயரமும் குலையாமல் அதையே கால்பங்காகச் சுருக்கி அழைப்பு அட்டையிலும் வைத்தேன். அச்சாகி வந்தபோது 'ண'வின் சுழிகள் அடைபட்டுக் கிடந்தன. எழுத்து சுருங்கியிருந்தது, கோடு சுருங்கவில்லை.

இது கணனியோடு பிறந்த சிக்கலல்ல. 1713இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிடக் காத்திருந்தார். எழுத்துகளோ மிகப் பெரியவை. அவற்றில் அச்சிட்டால் கடதாசி கட்டுப்படியாகாது. எனவே அங்கேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அக்காலத்தில் அளவை மாற்றுவதென்றால் ஒவ்வோர் எழுத்தையும் திரும்ப வெட்டுவதுதான். ஐரோப்பிய அச்சு வெட்டுநர்கள் சிறிய எழுத்தைப் பெரியதன் நகலாக வெட்டவில்லை. அதன் கோட்டைச் சற்றுத் தடிப்பாகவும் உள்வெளியை அகலமாகவும் வைத்தார்கள். கண்ணுக்கு அது தேவைப்பட்டது.

1885இல் அமெரிக்கரான லின் பாய்ட் பென்டன் காப்புரிமை பெற்ற இயந்திரம், ஒரே வரைபடத்திலிருந்து பல அளவுகளில் எழுத்து வெட்டியது. அடுத்த மாற்றம் கார்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. நான் வாழும் இந்தப் பிரான்சில், 1959இல் சித்ரோன் கம்பனியின் போல் து காஸ்தல்ஜோ, சில புள்ளிகளைக் கொண்டு வளைகோட்டை வரையும் கணித வழியைக் கண்டார். கம்பனி அதை இரகசியமாக வைத்திருந்தது. 1960களில் ரெனோவின் பியர் பெசியே அதே வகை வளைவுகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். கணிதத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்த எனக்கு இது இங்கு வந்தபின்தான் தெரியும். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, எழுத்தின் விளிம்பை இந்த வளைவுகளால் எழுதியது. புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் எழுத்து உருக்குலையாமல் வளரும், சுருங்கும்.

ஆனால் விளிம்பின்மேல் நாம் போடும் கோட்டின் தடிப்பு வேறோர் எண். கோட்டையும் சேர்த்து மாற்றும்படி மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் இரண்டு பொயின்ற் இரண்டாகவே நிற்கும். சொன்னால் அரைப் பொயின்ற் ஆகும். மலிவான பிரதியில் மங்கிப் போகலாம். இயந்திரம் விகிதத்தைக் காப்பாற்றும், வாசிப்பவரின் கண்ணை அது அறியாது. சின்ன அளவுக்கு எழுத்தைப் புதிதாகவே பார்க்கவேண்டும் என்பது தரங்கம்பாடிக் காலத்து வேலை. அந்த இரவில் நான் செய்யத் தவறியதும் அதுதான்.

திரும்ப அச்சிடக் காசில்லை. நண்பன் ஒவ்வோர் அட்டையிலும் அம்மாவின் பெயரைப் பேனையால் எழுதினான்.